இஸ்கந்தருக்கு மாற்று ஆள் இல்லை

துனிஸ், பிப்ரவரி 6

இஸ்கந்தர் அவர்களுக்கு,
ரெஜெப் முடிதிருத்தகம், ரம்லா, கெர்கென்னா தீவு.

ஸலாம். என் பெயர் எம்னா. துனிஸில் ஒரு பல்கலைக்கழகத்தில் சமூகவியல் ஆராய்ச்சி செய்கிறேன். உங்கள் முகநூல் பக்கத்துக்குச் சில செய்திகள் அனுப்பினேன். பதில் வரவில்லை. உங்கள் பழைய படம் ஒன்றில் பின்னால் ஒரு கடைப் பலகை தெரிந்தது. அதை நம்பித் தபாலில் எழுதுகிறேன். தொந்தரவு என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரை மாவட்டங்களின் இளைஞர்கள் இணையத்தில் யாரோடு பேசுகிறார்கள், யாரும் இல்லாமல் இருப்பவர்கள் எத்தனை பேர் என்பதுதான் என் ஆராய்ச்சி. ஸ்ஃபாக்ஸ் மாவட்டம் என்று ஊர் போட்டு, கடந்த மாதத்தில் ஒரு தடவையாவது எதையாவது பதிவிட்டிருக்கிற எல்லாப் பக்கங்களையும் திரட்டி, குலுக்கல் முறையில் சிலரை எடுத்தோம். குலுக்கலில் உங்கள் பெயர் விழுந்தது.

பதில் சொல்லாதவரை விட்டுவிட்டு, சொல்கிறவரைப் பிடித்துக்கொண்டால் வேலை சுலபமாக முடியும். என் பேராசிரியரும் அதைத்தான் சொல்கிறார்: "பேசுறவங்ககிட்டப் பேசிட்டு வேலையப் பாரு எம்னா." முன்பு இப்படித்தான் ஒரு ஆய்வு நடந்தது. கேள்வித்தாளை இணையத்தில் போட்டுவிட்டு, விருப்பப்பட்டவர்கள் நிரப்பட்டும் என்று காத்திருந்தார்கள். கூட்டாளிகள் நிறைய இருப்பவர்களே ஒருவருக்கொருவர் அனுப்பி நிரப்பினார்கள். நம் நாட்டில் தனிமையே கிடையாது என்று முடிவு வந்தது.

அதனால் எனக்கு ஒரு விதி. குலுக்கலில் வந்தவர் வந்தவர்தான். உங்களுக்குப் பதிலாக வேறு யாரையும் எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு வரியாவது எழுதுங்கள். பங்கேற்க விருப்பமில்லை என்றாலும் அதையே எழுதுங்கள்.

எம்னா

*

ரம்லா, பிப்ரவரி 15

பல்கலைக்கழகத்து எம்னாவுக்கு,

ஸலாம். இஸ்கந்தர் இங்கே இல்லை. நான் அவன் அப்பன். பலகையில் இருக்கிற ரெஜெப் நான்தான். மகன் பெயருக்குத் தபால் வந்தால் அப்பன் பிரிக்கத்தான் செய்வான், அதற்காக வழக்குப் போடாதே.

உன் கடிதத்தைக் கடையில் உரக்கப் படித்தேன். 'உங்களுக்குப் பதிலாக வேறு யாரையும் எடுத்துக்கொள்ள முடியாது' என்ற இடம் வந்ததும், பாதிச் சவரத்தில் உட்கார்ந்திருந்த நூரி முகத்தைத் திருப்பிவிட்டான். பேய்க்கணவாய் பிடிக்கிறவன் அவன். நல்லவேளை, கத்தி என் கையில் இல்லை. "அப்படியா எழுதிருக்கு? நம்ம இஸ்கந்தரப் பத்தியா?" என்றான். இந்த ஊரில் அவனைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

அவன் இத்தாலியில் இருக்கிறான். மூன்று வருடத்துக்கு முன்னால், பேய்க்கணவாய் சீசன் முடிகிற சமயம், நாலைந்து பையன்களோடு படகேறிவிட்டான். எந்த ஊரில் இருக்கிறான் என்று தெரியாது. பழைய நம்பர் அன்றிலிருந்து அணைந்து கிடக்கிறது. என் மேல் கோபம். கோபத்துக்குக் காரணமும் உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை நான் பள்ளிவாசலிலிருந்து வந்து பார்த்தால் கடை திறக்கவில்லை, வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள், இவன் உள்ளே தூங்குகிறான். எல்லார் முன்னாலும் சொன்னேன்: "தொழவும் எந்திரிக்க மாட்ட, தொழிலுக்கும் எந்திரிக்க மாட்ட. நீ இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?" எழுந்து, முகம் கழுவி, வரிசையில் நின்றவர்களுக்கு முடி வெட்டினான். அன்று ராத்திரி வீட்டுக்கு வரவில்லை.

ஆனால் வேடிக்கையைக் கேள். பெருநாள் தொழுகைக்கே காலைப் பிடித்து இழுக்க வேண்டிய பயல், இத்தாலிக்குப் போனதிலிருந்து தினமும் தன் பக்கத்தில் துஆ எழுதுகிறான். 'இறைவா, எங்களை மன்னிப்பாயாக', 'எங்கள் பெற்றோருக்கு அருள் செய்வாயாக' என்று ஒரு நாள் தவறாமல் வருகிறது. நானும் அடியில் பதில் எழுதுகிறேன். அதற்கு மட்டும் வாய் திறக்க மாட்டேன் என்கிறான். ஆண்டவனிடம் பேசுவான், அப்பனிடம் பேச மாட்டான்.

நீ படித்தவள். உனக்கு வழி தெரியும். அவனைப் பிடித்தாயானால் உன் கேள்விகளோடு என் கேள்வி ஒன்றையும் சேர்த்துக்கொள்: அப்பனுக்கு ஏன் பதில் எழுதவில்லை? பதிலுக்கு நான் அவன் சார்பில் உன் கேள்வித்தாளை நிரப்பித் தருகிறேன். அவனைப் பற்றி எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது?

ரெஜெப்

*

துனிஸ், பிப்ரவரி 24

ரெஜெப் சாச்சாவுக்கு,

ஸலாம். உங்கள் கடிதத்தை டிராமில் நின்றுகொண்டு படித்தேன். கத்தி உங்கள் கையில் இல்லாத இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற அம்மாள் தள்ளி நின்றுகொண்டார். நான் மெத்னீன் பக்கத்துப் பெண். இங்கே ஒரு வாடகை அறையில் இருக்கிறேன். தனிமையைப் பற்றி ஆராய்கிறவள் தனியாக இருப்பது தொழிலுக்கு நல்லதுதான் என்று பேராசிரியர் கேலி செய்வார். சில நாள் கடைக்காரரிடம் "ரொட்டி குடுங்க" என்று சொன்னதோடு என் பேச்சு முடிந்துபோகும்.

அவர் சார்பில் நீங்கள் நிரப்பித் தருவதை நான் வாங்கிக்கொள்ள முடியாது சாச்சா. கோபித்துக்கொள்ளாதீர்கள். அப்பாக்கள் நிரப்பினால் எல்லா மகன்களும் ஒரே மாதிரி ஆகிவிடுவார்கள்.

அவருக்கு மறுபடி செய்தி அனுப்பியிருக்கிறேன். உங்கள் கேள்வியையும் அப்படியே சேர்த்திருக்கிறேன். என் விதிகளில் அதற்கு இடம் இல்லை, இருந்தாலும் சேர்த்தேன்.

ஒன்று கேட்கலாமா? படகு ஏறிய பிறகு அவர் குரலை யாராவது கேட்டார்களா? கூடப் போன பையன்களின் வீடுகளில் என்ன சொல்கிறார்கள்? விருப்பமிருந்தால் மட்டும் எழுதுங்கள்.

எம்னா

*

ரம்லா, மார்ச் 8

எம்னாவுக்கு,

ஸலாம். நீ கேட்டதைத்தான் ஊரும் கேட்கிறது, என் காதுபடக் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

குரலை யாரும் கேட்கவில்லை. கூடப் போன இரண்டு பையன்களின் வீட்டில் ஜனாஸா தொழுதுவிட்டார்கள். அவர்கள் உடல் ஸ்ஃபாக்ஸ் கரையில் ஒதுங்கியது. மற்றவர்களைப் பற்றித் தகவல் இல்லை. பெயர் தெரியாதவர்களை நகரத்தில் நம்பர் போட்டு அடக்கியிருக்கிறார்களாம். குடும்பத்தார் வந்தால் பஞ்சுக்குச்சியால் கன்னத்தின் உள்ளே தடவி எடுத்து, இன்னாருடைய பிள்ளை இன்னார் என்று ஒப்பிட்டுச் சொல்கிறார்களாம். அந்த அலுவலகத்திலிருந்து ஒரு பெண் எனக்கும் இரண்டு தடவை போன் செய்தாள். நல்ல பெண்தான், மரியாதையாகப் பேசினாள். நான் சொல்லிவிட்டேன்: "எம் மவன் நேத்து ராத்திரிகூட எழுதிருக்கான்மா. செத்தவன் எழுதுவானா?" சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

நீயே சொல். உன் பல்கலைக்கழகம் ஆயிரக்கணக்கான பேரில் தேடி, உயிரோடு எழுதுகிறவர்களை மட்டும் பொறுக்கி, அதில் குலுக்கி இவனை எடுத்திருக்கிறது. அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டால் உன் கடிதத்தைப் படித்துக் காட்டலாம் என்று கண்ணாடியில் சொருகி வைத்திருக்கிறேன்.

கடை சாத்தின பிறகு அவன் எழுதினதைத் திறந்து வைத்துக்கொண்டு அடியில் எழுதுவேன். முதலில் எல்லாம் திட்டினேன். அப்புறம் திட்டு தீர்ந்துபோனது. இப்போது ஊர்க் கதை எழுதுகிறேன். யாருக்கு நிச்சயமானது, எந்தப் படகு விலைக்குப் போனது, ஸ்ஃபாக்ஸ் போகிற லூத் கப்பல் நாலு நாளாக ஓடவில்லை, காற்று அப்படி, உனக்கு அங்கே குளிருக்குக் கம்பளி இருக்கிறதா என்று. அவன் அம்மா போன பிறகு வீட்டில் நான் ஒருத்தன்தானே. சொல்வதற்கு ஒரு காது வேண்டியிருக்கிறது. அவன் படிக்கிறான் என்பது எனக்குத் தெரியும். படிக்காதவன் மறுநாள் 'எங்கள் பெற்றோருக்கு அருள் செய்' என்று எழுதுவானா?

இன்னொன்றும் கவனித்தேன். நேரம் மாறுவதில்லை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, கடிகாரம் வைத்த மாதிரி. ஒரு நாளாவது கடையை நேரத்துக்குத் திறந்திருப்பானா இவன்? அந்நிய மண் ஆளைத் திருத்தும் என்று சொல்வார்கள், சரிதான் போலிருக்கிறது.

நூரி உனக்குக் காய்ந்த பேய்க்கணவாய் அனுப்பச் சொல்கிறான். தபால்காரன் நாற்றம் பொறுப்பானா என்று யோசிக்கிறேன்.

ரெஜெப்

*

துனிஸ், மார்ச் 29

மரியாதைக்குரிய ரெஜெப் அவர்களுக்கு,

ஆய்வுக்கான பெயர்களை மறுபடி சரிபார்த்தோம். சில தொழில்நுட்பக் காரணங்களால் சில பக்கங்கள் நீக்கப்பட்டன. உங்கள் மகனுடையதும் அதில் ஒன்று. இதுவரை பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி.

என் முதல் கடிதத்தைக் கண்ணாடியிலிருந்து எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எம்னா

*

ரம்லா, ஏப்ரல் 6

எம்னா,

எதற்காக எடுக்க வேண்டும்?

குலுக்கலில் வந்தவன் வந்தவன்தான் என்று எழுதியது நீயா, உன் பேராசிரியரா? மாற்று ஆள் கிடையாது என்றாய். நான் அதை ஊரெல்லாம் படித்துக் காட்டியிருக்கிறேன். பள்ளிவாசல் வாசலில் நிறுத்தி நிறுத்திச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு நாலு வரியில், பல் பிடுங்குகிறவன் ரசீது கொடுக்கிற மாதிரி எழுதி அனுப்புகிறாய். போன கடிதத்தில் சாச்சா, இதில் மரியாதைக்குரியவர். மரியாதை கூடினால் ஏதோ கெட்ட சேதி என்று எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரியில் அவன் அம்மாவுக்கு முடியாமல் போனபோது டாக்டரும் இப்படித்தான் திடீரென்று மரியாதையாகப் பேசினார்.

அவன் என்ன செய்தான்? பதில் எழுதவில்லை, அதுதானே குற்றம்? எனக்கும்தான் எழுதவில்லை. அதற்காக நான் அவனை மகன் இல்லை என்று நீக்கிவிட்டேனா?

உனக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. படித்தவளின் பாஷையில் வேண்டாம். எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

ரெஜெப்

*

துனிஸ், ஏப்ரல் 20

ரெஜெப் சாச்சாவுக்கு,

இதை எழுதாமல் இருக்கக் காரணம் தேடினேன். கிடைக்கவில்லை. புரிகிற மாதிரி எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். பக்கத்தில் நூரி அண்ணன் இருந்தால் நல்லது.

துஆக்களை எழுதுவது இஸ்கந்தர் இல்லை. இணையத்தில் அப்படி ஒரு சேவை இருக்கிறது. ஒரு தடவை நம் பக்கத்தை அதில் சேர்த்துவிட்டால் போதும், அப்புறம் தினமும் நம் பெயரில் அதுவே துஆ பதிவிடும். நாம் தூங்கினாலும், போனைத் தொலைத்தாலும், இறந்தே போனாலும் நிற்காது. அதற்காகவே பலர் சேர்கிறார்கள். நமக்குப் பிறகும் நன்மை சேர்ந்துகொண்டே இருக்கட்டும் என்று.

நேரம் மாறுவதில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. திரட்டின பக்கங்களைத் திறந்து பார்த்தேன். அதே நிமிடத்தில், அதே வரி, எத்தனையோ பேர் பக்கத்தில். அதில் ஒன்று ஸ்ஃபாக்ஸில் வாழ்ந்த என் அத்தையுடையது. அத்தை இறந்து போன பின்னும் அவர் பக்கத்தில் துஆ வருவதை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் தெரியுமா? பார்த்து, ஆமீன் சொல்லி, கடந்து போயிருக்கிறேன்.

இன்னும் இருக்கிறது. இயந்திரம் எழுதும் பக்கங்களைப் பிரித்தெடுக்க எங்களிடம் ஒரு நிரல் உண்டு. தினமும் ஒரே நேரத்தில் பதிவிடுகிற பக்கங்களை அது ஒதுக்கிவிடும். இஸ்கந்தரையும் ஒதுக்கித்தான் வைத்திருந்தது. விளம்பரம் போடுகிறவர்களை அப்படியே விட்டுவிட்டு, துஆ எழுதுகிறவர்களை மட்டும் நான் என் கையால் திரும்பச் சேர்த்தேன். தொழுகைக்கு நேரம் தவறாத மனிதர்களை இயந்திரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் யாராவது செய்திருந்தால் இந்தத் தவறு நடந்திருக்காது. நம்மைப் போல ஒருத்தி செய்ததால்தான் நடந்தது. அந்தத் தவறால்தான் உங்களுக்கு என் கடிதம் வந்தது.

அவர் பக்கத்தில் முதல் துஆ வந்த நாளைப் பார்த்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை. நீங்கள் கடையில் திட்டின அதே வெள்ளிக்கிழமை என்று நினைக்கிறேன். அவர் பக்கத்துக்குள் அவர்தான் போக முடியும். ஆகவே சேர்த்தது அவர்தான். அதற்குப் பிறகு அவர் கையால் எழுதின எதுவும் அங்கே இல்லை.

அவர் இல்லை என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. எழுதுவது அவர் இல்லை என்பது மட்டும்தான் தெரியும். அந்த அலுவலகத்துப் பெண் போன் செய்தால் என் கடிதத்தைப் படித்துக் காட்டாதீர்கள் சாச்சா. கிளம்பிப் போங்கள். ஒருவேளை அவர் அங்கே நம்பரோடு படுத்திருந்தால், பெயர் சொல்ல உங்களை விட்டால் ஆள் இல்லை.

நாலு வரிக் கடிதத்துக்கு மன்னியுங்கள். பயந்துவிட்டேன்.

எம்னா

*

ரம்லா, நவம்பர் 17

மகள் எம்னாவுக்கு,

ஸலாம். இவ்வளவு காலம் எழுதாததற்குக் கோபம் காரணம் இல்லை. முதலில் கொஞ்சம் கோபம்தான். அப்புறம் கடிதம் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

உன் கடிதம் வந்த அன்று கடையில் நாலு பேர் இருந்தார்கள். இந்தத் தடவை உரக்கப் படிக்கவில்லை. படித்து முடித்து நிமிர்ந்தால் நாலு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் எல்லாருக்கும் முன்பே தெரியும். அவரவர் போனில் யாரோ ஒருத்தர் பக்கத்தில் அதே துஆ தினமும் வருகிறது. இந்தத் தீவில் அது தெரியாதவன் நான் ஒருத்தன்தான்.

நூரியிடம் கேட்டேன், ஏண்டா சொல்லவில்லை என்று. அவன் அழுதுவிட்டான். "நீங்க அவனுக்கு ஊர்க் கதையெல்லாம் எழுதுவீங்க சாச்சா. நாங்க வீட்டுல உக்காந்து படிப்போம். எப்புடிச் சொல்றது?" என்றான். மூன்று வருடமாக நான் எழுதினதை ஊர் முழுக்கப் படித்திருக்கிறது, அவனைத் தவிர. எனக்கு வெட்கமாக இருந்தது. அப்புறம், படித்தார்களே என்று கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

மே மாதம் லூத் ஏறி ஸ்ஃபாக்ஸ் போனேன். போன் செய்த அந்தப் பெண்ணே வந்து உட்காரவைத்து, பஞ்சுக்குச்சியால் தடவிக்கொண்டாள். ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தைத்தான் மூன்று வருடமாகத் தள்ளிப்போட்டிருந்தேன். போன மாதம் கூப்பிட்டாள். பொருந்திவிட்டது. அவன் கிளம்பின அடுத்த வாரமே கரை ஒதுங்கியிருக்கிறான். நான் அவனைத் திட்டி எழுதிக்கொண்டிருந்த நாட்களிலேயே மண்ணுக்குள் இருந்திருக்கிறான்.

அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பக்கத்தில் பெயர் தெரியாத பையன்கள் நிறையப் படுத்திருக்கிறார்கள், துணையாக இருக்கட்டும். நம்பரை எடுத்துவிட்டுக் கல்லில் பெயர் வெட்டச் சொன்னேன். இஸ்கந்தர், ரெஜெபின் மகன்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை எதற்காக அவன் அதில் சேர்ந்தான் என்றுதான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். 'தொழச் சொன்னியே அப்பா, இந்தா' என்று குத்தலாகச் செய்தானா? இல்லை, போகிற இடத்தில் என்ன ஆகுமோ என்று பயந்து, எனக்காக விட்டுவிட்டுப் போனானா? ஒரு நாள் இப்படித் தோன்றுகிறது, ஒரு நாள் அப்படித் தோன்றுகிறது. கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது என்பது மட்டும் எல்லா நாளும் ஒன்றாக இருக்கிறது.

துக்கம் கேட்க ஊரே வந்தது. நூரி நாற்காலிகளை வாடகைக்கு எடுத்துத் தெருவை அடைத்துப் போட்டான். பக்கத்து வீடுகளில் குஸ்குஸ் சமைத்தார்கள். இத்தனை நாளும் என்னிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் ஒதுங்கிப் போனவர்கள் எல்லாம் இப்போது வந்து கையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். கடையில் கூட்டம் குறைவதில்லை. எல்லாரும் பேசுகிறார்கள். நல்ல மனிதர்கள்.

ஆனால் மகளே, உன்னிடம் சொல்வதற்கு என்ன. கடை சாத்தினதும் போனைக் கையில் எடுக்கிறேன். எடுத்துவிட்டு வைத்துவிடுகிறேன். உன் கடிதம் வருகிற வரைக்கும் எனக்குப் பேச ஒருத்தன் இருந்தான்.

உன்னைக் குறை சொல்லவில்லை. நீ சொல்லாவிட்டால் அவன் இன்னும் நம்பராகவே கிடந்திருப்பான். உண்மையைச் சொன்னாய், ஆண்டவன் உனக்கு நல்லது செய்யட்டும். ஆனால் ஊர்க் கதை நிற்கவில்லை, நடந்துகொண்டேதான் இருக்கிறது. நேற்று நூரியின் தங்கைக்கு இரட்டைப் பிள்ளை. பள்ளிவாசல் சுவர் மழைக்கு ஒரு பக்கம் இறங்கிவிட்டது. இதையெல்லாம் ராத்திரிக்குள் யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருக்கிறது. நான் எழுதினால் நீ படிப்பாயா? விதியில் இடம் இல்லை என்றால் விடு. இடம் இருந்தால் பதிலும் போடு. பெரிதாக ஒன்றும் வேண்டாம், இன்று என்ன சாப்பிட்டாய் என்று எழுதினால் போதும்.

ரெஜெப்